கனிமங்களின் அரசியலில் முனைவர் பட்டம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: அரசியல் அறிவியலில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். சுற்றுச்சூழல் ஆளுகை, இயற்கை வளங்களின் புவிசார் அரசியல் இரண்டையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்து பல்கலைக்கழக ஆசிரியராக வேண்டும் என்பது விருப்பம். "முக்கியக் கனிமங்களின் புவி அரசியலும் சுற்றுச்சூழலும்" என்று தலைப்புக் கொடுத்தேன். இது தலைப்பே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எந்தத் துறையில் விண்ணப்பிப்பது? பள்ளிக்குப் பிறகு அறிவியல் படித்ததில்லை, அது தடையாகுமா? நெறியாளருக்கு எப்படி எழுதுவது? இவ்வளவும் படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: தலைப்பைத் திருப்பிக் கொடுத்தவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். அது உங்கள் ஆர்வத்தைச் சொல்கிறது. அதில் கேள்வி எதுவும் இல்லை. தொழிலுக்கு இன்றியமையாதவை, வரத்து தடைபடக்கூடியவை என்று அரசுகள் பட்டியலிடுபவற்றை "முக்கியக் கனிமங்கள்" என்று மொத்தமாகப் பேசுவதிலேயே சிக்கல் இருக்கிறது. அமெரிக்கா 2022-ல் வெளியிட்ட பட்டியலில் 50 கனிமங்கள் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம் 34 மூலப்பொருட்களைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொன்றும் வேறு விதமாக மண்ணிலிருந்து வருகிறது, வேறு கைகளில் மாட்டுகிறது. லித்தியத்தையே பாருங்கள். சிலியின் அட்டகாமாவில் உவர்நீரை இறைத்து வெயிலில் வற்ற வைத்து எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பாறையை உடைத்து எடுக்கிறார்கள். முன்னதில் தகராறு தண்ணீரைச் சுற்றி. பின்னதில் தாது எந்த நாட்டில் சுத்திகரிக்கப்படுகிறது என்பதே பெரிய கேள்வி. கோபால்ட்டோ பெரும்பாலும் செம்பு, நிக்கல் சுரங்கங்களின் துணை விளைபொருள். கோபால்ட் விலை அடிபட்டாலும் செம்புக்கு நல்ல விலை இருந்தால் கோபால்ட் வந்துகொண்டேதான் இருக்கும். இதைக் கவனிக்காமல் "விலை விழுந்தது, ஆகவே உற்பத்தி நாடு அடங்கிப் போனது" என்று எழுதினால் முதல் மதிப்பீட்டாளரே அந்த வாதத்தைக் கவிழ்த்துவிடுவார்.

ஆகவே முதலில் ஒரு கனிமத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, அதைப் பற்றி யாரோ எடுத்த ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றுமதித் தடையாக இருக்கலாம், உரிம மறுப்பாக இருக்கலாம், ஒப்பந்தத் திருத்தமாகவோ விதிவிலக்காகவோ இருக்கலாம். பிறகு, அந்த முடிவு எழுதப்பட்ட ஆவணமும் அதற்கு முந்தைய வரைவுகளும் உங்கள் கைக்கு எட்டுமா என்று பாருங்கள். எட்டாது என்றால் அதை விட்டுவிட்டு வேறு முடிவுக்குப் போங்கள். கோட்பாட்டில் தொடங்கிக் கீழே இறங்குகிறவர்கள் இரண்டாம் ஆண்டு முடிவில் தரவில்லாமல் தவிப்பது இந்தத் துறையில் அன்றாடம் நடக்கிற விஷயம்.

எப்படி என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். இந்தோனேசியா 2009-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தை வைத்து 2014 ஜனவரியில் பதப்படுத்தாத நிக்கல் தாதுவின் ஏற்றுமதியைத் தடுத்தது. 2017-ல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரியில் மறுபடி முழுத் தடை. ஐரோப்பிய ஒன்றியம் உலக வணிக அமைப்புக்குப் போனது. 2022 நவம்பரில் விசாரணைக் குழு இந்தோனேசியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டிய அமைப்போ, உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. தீர்ப்பு வந்தும் தடை அசையவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள "புவிசார் அரசியல்" இவ்வளவுதான். செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரிந்தது.

இனித்தான் ஆய்வாளருக்கு வேலை. தாது வெளியே போக முடியாததால் உருக்காலைகள் உள்ளே வந்தன. பெரும்பாலும் சீன முதலீடு. சுலவேசித் தீவின் மொரோவாலி, ஹல்மஹேராத் தீவின் வேடா விரிகுடா போன்ற இடங்களில் பெரிய தொழிற்பேட்டைகள். அவற்றுக்கு மின்சாரம் அங்கேயே கட்டப்பட்ட நிலக்கரி மின்நிலையங்களிலிருந்து வருகிறது. 2022-ல் அதிபர் பிறப்பித்த 112-ஆம் எண் ஒழுங்குவிதி புதிய நிலக்கரி மின்நிலையங்களுக்குத் தடை போடுகிறது. பசுமை மாற்றத்துக்கான விதி என்றுதான் அது பேசப்பட்டது. அதே விதிக்குள் ஒரு விலக்கு இருக்கிறது. இயற்கை வளத்துக்கு மதிப்புக் கூட்டும் தொழிலோடு இணைந்த நிலையம் என்றால் கட்டலாம்; இயங்கத் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்குள் வெளியேற்றத்தை 35 சதவீதம் குறைக்க வேண்டும்; 2050-ஐத் தாண்டி ஓடக்கூடாது.

அந்த விலக்கை நிதானமாகப் படியுங்கள். வணிகப் போரில் எடுத்த நிலைப்பாடு சுற்றுச்சூழல் விதிக்குள் ஒரு துணைப்பிரிவாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் தனித்தனியாக எழுதிய இரண்டு ஆர்வங்களும் சேரும் இடம் இதுதான். முதல் வரைவிலேயே விலக்கு இருந்ததா? எந்த அமைச்சகம் கேட்டது? 35 சதவீதத்தை அளப்பது யார், எந்த அறிக்கையில் பதிவாகிறது? அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020-ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை மாகாணங்களிடமிருந்து எடுத்து மத்திய அரசிடம் கொடுத்தது. அதே ஆண்டில் வந்த வேலைவாய்ப்பு உருவாக்கச் சட்டம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் கருத்துச் சொல்லும் உரிமையை நேரடியாகப் பாதிக்கப்படுவோர் வரை சுருக்கியது. இப்போது கேள்வி தானாக உருவெடுக்கும்: அதிகாரம் தலைநகருக்குப் போன பின், இரண்டு தொழிற்பேட்டைகளின் கழிவு, நீர் நிபந்தனைகள் எப்படி மாறின, அந்த மாற்றத்தில் முதலீட்டாளருக்கும் மாகாணத்துக்கும் எவ்வளவு பங்கு? ஒரு நாடு, இரண்டு இடங்கள், எண்ணிப் பார்க்கக்கூடிய ஆவணங்கள். நான்கு ஆண்டுகளில் முடிக்கக்கூடிய அளவு இதுதான்.

நீங்கள் நிக்கலை எடுக்க வேண்டியதில்லை. களப்பணிக்குப் பணம் கிடைக்காது என்று தோன்றினால், ஆவணங்களைத் திறந்து வைத்திருக்கும் அமைப்பாகப் பார்த்து எடுங்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேச கடற்படுகை ஆணையம் நல்ல தேர்வு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் தரையின் கனிமங்களை 1982-ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் நிர்வகிப்பது அதுதான். பசிபிக் தீவு நாடான நவ்ரு 2021 ஜூனில் ஒரு விதியைக் கையிலெடுத்து, இரண்டு ஆண்டுகளுக்குள் சுரங்க விதிமுறைகளை முடிக்க வேண்டும் என்று ஆணையத்தை நெருக்கியது. 2023 ஜூலையில் கெடு முடிந்தது, விதிமுறைகள் முடியவில்லை. 2025 ஏப்ரலில் அந்த உடன்படிக்கையில் சேராத அமெரிக்கா, தன் சொந்தச் சட்டத்தின் கீழ் ஆழ்கடல் சுரங்க அனுமதியை விரைவுபடுத்த உத்தரவு போட்டது. வரைவுகள், நாடுகள் எழுத்தில் கொடுத்த கருத்துகள், அமர்வுகளின் அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. வரைவுக்கு வரைவு எந்தச் சொல் நுழைந்தது, எது போனது என்று பிடித்துக்கொண்டே போகலாம். பெரிய பயணச் செலவு இல்லாமல் ஒரு கனமான அத்தியாயம் இதில் தேறும்.

கோட்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே விலக்குப் பிரிவைச் சர்வதேச ஆட்சிமுறைகளைப் படிப்பவர் நாடுகளின் பேரமாகப் பார்ப்பார். அரசியல் சூழலியல் படிப்பவர், சாம்பலும் கழிவும் யார் நிலத்தில் போய் விழுகின்றன என்று கேட்பார். வளச் சாபம், அதாவது வளம் மிகுந்த நாடுகளே பின்தங்கிப் போவது, பற்றிய ஆய்வு மரபு, வருமானம் அரசு அமைப்புகளை எப்படி வளைக்கிறது என்று பார்க்கும். அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் வளர்த்தெடுத்த பொதுவளப் பார்வை, உள்ளூர் மக்கள் தாங்களே வகுத்துக்கொண்ட விதிகளைத் தேடும். ஒன்றை முதன்மையாக எடுங்கள். இன்னொன்றோடு வாதம் செய்யுங்கள். நான்கையும் முதல் அத்தியாயத்தில் அடுக்கிவிட்டுப் பிறகு எதையும் பயன்படுத்தாமல் விடுவது ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கிற குறை.

எந்தத் துறை என்று கேட்டீர்கள். இதில் பலர் தவறான அளவுகோலை வைத்துக்கொள்கிறார்கள். துறையின் பெயரில் "சுற்றுச்சூழல்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பட்டம் வாங்கிய பின் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு எந்தப் பாடத்தை உங்களால் நடத்த முடியும் என்று பாருங்கள். ஆசிரியர் நியமனக் குழுவில் கேட்கப்படும் முதல் கேள்வியே அதுதான். அரசியல் துறை உங்களைச் சர்வதேச உறவுகள் அறிமுகமோ ஒப்பீட்டு அரசியலோ நடத்தச் சொல்லும். புவியியல் துறை மனிதப் புவியியலையும் களமுறையையும் கேட்கும். பல்துறைப் பள்ளிகள் படிக்கிறபோது இனிமையாக இருக்கும். நல்ல சகாக்கள் கிடைப்பார்கள். ஆனால் வேலை விளம்பரங்களில் பெரும்பாலானவை இன்னும் பழைய துறைகளின் பெயரில்தான் வருகின்றன. உங்களுக்கு அரசியல் அறிவியல் முதுகலை இருக்கிறது. அரசியல் துறையிலேயே பதிந்துகொண்டு, இரண்டாம் நெறியாளரைப் புவியியலிலிருந்தோ சட்டத்திலிருந்தோ எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். நீண்ட காலம் ஒரே ஊரில் தங்கி மக்களோடு பழகி ஆய்வு செய்யத்தான் மனம் இழுக்கிறது என்றால் மட்டும் புவியியல் அல்லது மானுடவியல் பக்கம் போங்கள்.

அறிவியல் படிக்காதது தடையல்ல. அலகுகளில் கவனமில்லாமல் இருப்பது பெரிய தடை. லித்தியத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் லித்தியம் உலோகத்தின் டன்னில் சொல்கிறது. சந்தையும் நிறுவனங்களும் லித்தியம் கார்பனேட் சமானத்தில் சொல்கின்றன. ஒரு டன் லித்தியம் என்பது சுமார் 5.32 டன் கார்பனேட்டுக்குச் சமம். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் ஐந்து மடங்குக்கு மேல் பிழை வரும். அதேபோல, நிலத்தடியில் இருப்பதாக மதிப்பிடப்பட்ட மொத்த வளம் வேறு; இன்றைய விலையிலும் தொழில்நுட்பத்திலும் லாபத்தோடு எடுக்கக்கூடிய இருப்பு வேறு. பொலிவியாவின் லித்திய வளம் உலகப் பட்டியலில் முதல் வரிசையில் நிற்கிறது. இருப்புப் பட்டியலில் முதலிடம் சிலிக்கு. "உலகின் மிகப் பெரிய லித்திய நாடு" என்று ஒரு வரி எழுதினால் எந்தக் கணக்கில் என்று சொல்ல வேண்டும். இந்த வேறுபாடுகளைக் கற்க வேதியியல் பட்டம் தேவையில்லை. நீங்கள் எடுத்த கனிமம் சுரங்கத்திலிருந்து இறுதிப் பொருள் வரை எத்தனை கட்டங்களைத் தாண்டுகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வடிவில் இருக்கிறது, எதில் அளக்கிறார்கள், சரக்கை வகைப்படுத்தும் எந்தச் சுங்கக் குறியீட்டில் எல்லை தாண்டுகிறது என்று ஒரே தாளில் வரைந்துவிட்டால் போதும். அந்தத் தாள் ஆய்வு முடியும் வரை மேசையிலேயே இருக்கட்டும்.

சுங்கக் குறியீடு என்றதும் சாதாரண விஷயமாகத் தோன்றலாம். விண்ணப்பம் எழுதும் முன் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஐ.நா.வின் காம்ட்ரேட் வணிகத் தரவுத்தளத்தில் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து சீனாவுக்குப் போகும் கோபால்ட்டைத் தேடுங்கள். உலகச் சுரங்கக் கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கு மேல் அந்த நாட்டிலிருந்து வருகிறது. "கோபால்ட் தாது" என்ற 2605 குறியீட்டை மட்டும் போட்டால் எதிர்பார்த்ததில் சிறு பங்குதான் தெரியும். காரணம், பெரும்பகுதி தாதுவாகப் போவதில்லை. அங்கேயே கரைத்து, கோபால்ட் ஹைட்ராக்சைடு என்ற இடைநிலைப் பொருளாகத்தான் போகிறது. அது இடைநிலைப் பொருட்களுக்கு உரிய 8105.20-லும் பதிவாகலாம், ஆக்சைடுகளுக்கும் ஹைட்ராக்சைடுகளுக்கும் உரிய 2822-லும் பதிவாகலாம். மூன்றையும் எடுங்கள். எடையைப் பார்க்கும்போது, ஹைட்ராக்சைடில் கோபால்ட் சுமார் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து, ஏற்றுமதி நாடு சொன்ன கணக்கையும் இறக்குமதி நாடு சொன்ன கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பொருந்தாது. ஏற்றுமதி நாடு அந்த ஆண்டுக்குக் கணக்கே கொடுக்காமலும் இருக்கலாம். பொருந்தாததைக் கண்டவுடன் "கடத்தல்" என்று எழுதத் தோன்றும். அங்கே கையைக் கட்டுங்கள். இறக்குமதி மதிப்பில் சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கும். ஏற்றுமதி மதிப்பில் இருக்காது. டிசம்பரில் கிளம்பிய கப்பல் அடுத்த ஆண்டில்தான் கரை சேரும். ஒரே பொருளை இரு நாட்டுச் சுங்கமும் இரு குறியீட்டில் எழுதலாம். நடுவில் ஒரு துறைமுக நாடு சேருமிடமாகப் பதிவாகியிருக்கலாம். இவை அனைத்தையும் கழித்த பின்னும் இடைவெளி மிஞ்சினால் அது உங்கள் கண்டுபிடிப்பு. இதை இரண்டு பக்கத்தில், ஒரு அட்டவணையோடு எழுதிப் பாருங்கள். அந்த இரண்டு பக்கம் உங்கள் விண்ணப்பத்தில் எந்தச் சான்றிதழையும்விட அதிகம் பேசும்.

மொழி இன்னொரு மூலதனம். இந்தோனேசிய விதிகளின் துணைப்பிரிவுகளும் காங்கோவின் அரசாணைகளும் சிலியின் ஒப்பந்தங்களும் ஆங்கிலத்தில் முழுமையாகக் கிடைப்பதில்லை. எடுத்த நாட்டின் ஆவண மொழியை வாசிக்கும் அளவுக்காவது முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு எந்த ஆவணத்தைப் படிக்க வேண்டும் என்று வடிகட்ட உதவும். சட்டச் சொல்லில் "செய்ய வேண்டும்" என்பதும் "செய்யலாம்" என்பதும் இடம் மாறிவிடும் என்பதால் மேற்கோளுக்கு அதை நம்பக் கூடாது.

இனி ஆய்வு முன்மொழிவு. பல பல்கலைக்கழகங்கள் 1,500 முதல் 2,000 சொற்கள் கேட்கும். முதல் பத்தியில் "காலநிலை மாற்றம் இன்று மனிதகுலத்தின்..." என்று ஆரம்பிக்காதீர்கள். படிப்பவர் அதே வாக்கியத்தை அன்று காலையிலிருந்து பல முறை படித்திருப்பார். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு உண்மைகளை வையுங்கள்: புதிய நிலக்கரி நிலையங்களுக்குத் தடை போட்ட அதே விதி அவற்றைக் கட்டவும் வழி விட்டிருக்கிறது, ஏன்? பிறகு கேள்வி ஒரு வாக்கியத்தில். பிறகு இதுவரை எழுதியவர்கள் எந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்று. யாரைப் படித்தீர்கள் என்ற பட்டியல் அல்ல. அதற்குப் பிறகு வருகிற முறையியல் பகுதிக்குச் சொற்களில் பாதியைக் கொடுங்கள். விண்ணப்பங்கள் விழுவதும் எழுவதும் அங்கேதான்.

முறையியல் எழுதும் முன் உங்களுக்கென்று நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை போடுங்கள். நான் சொல்லப் போவது என்ன. அது உண்மையானால் எந்தத் தடயம் இருக்க வேண்டும். அது எங்கே கிடக்கிறது. அதைப் பார்க்க யார் அனுமதி வேண்டும். உதாரணமாக, தொழில் அமைச்சகம் கேட்டுத்தான் விலக்கு வந்தது என்பது உங்கள் ஊகம் என்றால், அந்த அமைச்சகத்தின் கடிதமோ, கூட்டக் குறிப்போ, முன்பின் வரைவுகளுக்கு இடையே மாற்றமோ இருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் ஊகம் தவறாக இருக்கலாம் என்பதை முன்மொழிவிலேயே சொல்லுங்கள். தன் வாதம் எப்போது தோற்கும் என்று எழுதத் தெரிந்த மாணவரை மதிப்பீட்டாளர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

இங்கே வரும் பெரிய தவறு, மோதல் நடந்த இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து "சுரங்கம் மோதலை உண்டாக்குகிறது" என்று முடிப்பது. சுரங்கம் வந்தும் மோதல் வராத இடம் ஒன்றாவது ஒப்பீட்டில் இருக்க வேண்டும். சூழல் மோதல்களைத் தொகுக்கும் சூழல்நீதி வரைபடம் போன்ற தளங்கள் அருமையான தொடக்கம். ஆனால் அவை மோதல் நடந்த இடங்களையே பதிகின்றன, அதுவும் யாராவது அனுப்பியவற்றை. எண்ணிக்கையை எடுத்து நாடுகளை வரிசைப்படுத்தினால், எங்கே செயற்பாட்டாளர்கள் அதிகம் என்பதைத்தான் அளந்திருப்பீர்கள். நதிநீரை எடுத்தால் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எல்லை தாண்டிய நன்னீர்த் தகராறுகள் தரவுத்தளத்தையும், சுரங்க ஒப்பந்தங்களுக்கு ரிசோர்ஸ் கான்ட்ராக்ட்ஸ் தளத்தையும் பாருங்கள். எந்தத் தரவுத்தளமானாலும் எதைச் சேர்க்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்ற விளக்கக் குறிப்பை முதலில் படியுங்கள்.

நெறியாளருக்கு எழுதுவது பற்றி. விண்ணப்பக் கடைசி நாளுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே எழுதுங்கள். 250 சொற்களைத் தாண்ட வேண்டாம். புகழ்ச்சி வரிகளை விட்டுவிடுங்கள். உங்கள் கேள்வி ஒரு வாக்கியம். அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த வாதத்தோடு அது உரசுகிறது என்று இரண்டு வாக்கியம். கையில் இருக்கும் தரவும் மொழியும் ஒரு வாக்கியம். இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்ற நேரடிக் கேள்வி. ஒரு பக்கச் சுருக்கத்தை இணையுங்கள், முழு முன்மொழிவை அல்ல. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்கு அனுப்புவது சிறிய துறையில் சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும்.

அவர் சம்மதித்தாலும் அவருடைய இப்போதைய மாணவர்கள் இருவரிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள். வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வருகிறது, எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது என்று கேளுங்கள். பெரிய பெயரைவிட வரைவைத் திருத்திக் கொடுக்கிறவர் முக்கியம். உதவித்தொகை இல்லாத இடத்தை ஏற்க வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். மூன்று ஆண்டுக்கு மட்டும் பணம், படிப்போ நான்கு ஐந்து ஆண்டு என்ற நிலை பல இடங்களில் உண்டு. கடைசி ஆண்டுக்கு என்ன வழி என்று எழுத்தில் கேளுங்கள். களப்பணிச் செலவு உதவித்தொகைக்குள் அடங்குமா, தனியா என்பதையும் கேளுங்கள்.

களப்பணியில் நேரத்தைத் தின்பது அனுமதிகள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், அந்த நாட்டின் ஆய்வு விசா, உள்ளூர் அனுமதி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மொத்தம் ஆறு மாதம் ஒதுக்கிவிடுங்கள். சுற்றுலா விசாவில் போய் நேர்காணல் எடுப்பது உங்களைவிட உங்களோடு பேசியவர்களைத்தான் ஆபத்தில் தள்ளும். நேர்காணலை ஆவணம் படித்த பிறகு தொடங்குங்கள், இடைநிலை அதிகாரிகளிடமிருந்து தொடங்குங்கள். அமைச்சரையும் நிறுவனத் தலைவரையும் கடைசியில் பாருங்கள். அப்போதுதான் அவர்கள் சொல்லும் பொதுவாக்கியத்தைத் தாண்டிக் கேட்க உங்களிடம் விஷயம் இருக்கும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். முப்பது நேர்காணல் என்றால் எழுத்தாக்கத்துக்கே ஒரு மாதம் போகும்.

பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு சுரங்கம் இருக்கும் ஊரில் "தொழிற்சங்கச் செயலாளர்" என்று எழுதினாலே ஆள் யார் என்று ஊருக்கே தெரியும். பதவியையும் பொதுமைப்படுத்துங்கள், தேவைப்பட்டால் இடத்தையும். பெயர்களுக்கும் குறியீடுகளுக்கும் உள்ள சாவிப் பட்டியலை ஒலிப்பதிவு இருக்கும் கணினியில் வைக்காதீர்கள். நிறுவனம் தன் வண்டியில் அழைத்துப் போய்ச் சுரங்கத்தைக் காட்டினால் போகலாம். அதை ஆய்வேட்டில் சொல்லிவிட வேண்டும், அவர்கள் இல்லாமல் ஒருமுறையாவது அதே ஊருக்குத் தனியாகப் போக வேண்டும்.

பருவநிலை மாநாடுகளுக்குப் போக ஆசைப்படுவீர்கள். தனிநபராகப் பதிய முடியாது. பார்வையாளர் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றுதான் உங்களை நியமிக்க முடியும். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அது இருக்கிறதா என்று முந்தைய ஆண்டே விசாரியுங்கள். உள்ளே போனாலும் முக்கியமான பேரம் பூட்டிய அறையில்தான் நடக்கும். 1992 முதல் வந்துகொண்டிருக்கும் எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின் அன்றாட அறிக்கைகளை இலவசமாகத் தருகிறது. அதை ஊன்றிப் படித்துவிட்டுப் போகிறவருக்குத்தான் தாழ்வாரத்தில் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியும்.

இந்தத் துறைக்கே உரிய ஒரு தொல்லை, உங்கள் காலடியிலேயே கொள்கை மாறிவிடும். சீனா 2023 ஆகஸ்டில் காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அவற்றை அனுப்பவே தடை விதித்தது. 2025 நவம்பரில் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. காங்கோ 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்தியது, அக்டோபரில் ஒதுக்கீட்டு முறைக்கு மாறியது. ஒவ்வொரு செய்திக்கும் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் ஆய்வேடு முடியவே முடியாது. ஆய்வுக் காலத்துக்கு ஒரு முடிவுத் தேதி குறித்து, அதை முன்னுரையில் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு நடந்தவை கடைசி அத்தியாயத்தில் சில பக்கம். வாதம் உறுதியானதாக இருந்தால் புதிய செய்தி அதைச் சோதிக்கும் சான்றாகிவிடும்.

கட்டுரைகளை எங்கே அனுப்புவது என்பது எந்த உரையாடலில் சேர விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உடன்படிக்கைகள், பேரங்கள் பற்றி என்றால் குளோபல் என்விரான்மென்டல் பாலிடிக்ஸ். இடமும் அதிகாரமும் என்றால் பொலிட்டிகல் ஜியாகிரஃபி. சுரங்கமும் சமூகமும் என்றால் தி எக்ஸ்ட்ராக்டிவ் இண்டஸ்ட்ரீஸ் அண்ட் சொசைட்டி. அனுப்பும் முன் அந்த இதழின் கடைசி இரண்டு ஆண்டுக் கட்டுரைகளில் குறைந்தது ஐந்தையாவது படியுங்கள். மதிப்பீட்டுக்கே போகாமல் ஆசிரியர் திருப்பி அனுப்பும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இதழுக்குப் பொருந்தாதவைதான். முதல் கட்டுரைக்கு, அனுப்பியதிலிருந்து அச்சாகும் வரை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆகவே இரண்டாம் ஆண்டின் முடிவிலேயே ஒன்று வெளியே போயிருக்க வேண்டும்.

வேலை பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். நிரந்தர ஆசிரியர் பணிகள் பட்டம் பெறுவோரின் எண்ணிக்கையைவிட எங்கும் மிகக் குறைவு. ஒன்று முதல் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் முதுமுனைவர் பணி, பிறகு இன்னொன்று, அதற்குள் ஊர் மாற்றம், நாடு மாற்றம் என்பதுதான் வழக்கமான பாதை. குடும்பப் பொறுப்பு இருப்பவர்களுக்கு இது கடினம். திறமைக் குறைவால் அல்ல, அமைப்பு அப்படி இருப்பதால். அதேசமயம் இந்த ஆய்வு கற்றுத் தரும் வேலைக்கு வெளியே தேவை இருக்கிறது. அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502-ஆம் பிரிவு வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றின் மூலத்தை நிறுவனங்கள் விசாரித்துச் சொல்ல வைத்தது. ஆயுத மோதலுக்குப் பணம் தரும் கனிமங்கள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் மோதல் கனிம விதி 2021 ஜனவரி முதல் இறக்குமதியாளர்களைக் கட்டுப்படுத்துகிறது. 2023-ல் வந்த அதன் மின்கல ஒழுங்குவிதி கோபால்ட், லித்தியம், நிக்கல், இயற்கை கிராஃபைட் ஆகியவற்றுக்கும் அதே போன்ற கடமையை 2027 ஆகஸ்டிலிருந்து விதிக்கிறது. விநியோகச் சங்கிலியைத் தாது வரை பின்தொடர்ந்து, ஒப்பந்தத்தையும் சுங்கக் கணக்கையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதத் தெரிந்தவர்களை ஆய்வு நிறுவனங்களும், சர்வதேச எரிசக்தி முகமை, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் போன்ற அமைப்புகளும், கண்காணிப்புத் தொண்டு நிறுவனங்களும் தேடுகின்றன.

எந்தப் பாதை என்பதைப் பட்டம் வாங்கிய பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியப் பணி என்றால் அதற்குள் ஒரு பாடத்தை முழுப் பருவமும் நடத்திய அனுபவமும் தனிப்பெயரில் ஒரு கட்டுரையும் வேண்டும். வெளிப்பணி என்றால் மூன்று மாதமாவது ஓர் அமைப்பில் பயிற்சியும், உங்கள் பெயரில் வெளியான ஒரு கொள்கைக் குறிப்பும் வேண்டும். பல்கலைக்கழக விதிகள் பயிற்சிக்காகப் படிப்பை இடைநிறுத்த அனுமதிக்கின்றனவா, அந்தக் காலத்தில் உதவித்தொகை நிற்குமா, விசா செல்லுமா என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.